வெள்ளைக் கூடு, பழுப்புக் கூடு

(பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியரும் அவரிடம் படித்த பெண்ணும். லயத்துக்குப் பின்னால் அவளுடைய கொய்யா மரமும் பாகல் பந்தலும்.)

மாணவி: சேர், இந்தக் கொய்யாவைப் பாருங்கள். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான். பிளந்தால் உள்ளே எல்லாம் புழு.

குரு: தாய் ஈ முட்டையிட்ட இடம் அது, மகள். புழு முற்றியதும் பழத்திலிருந்து துள்ளி விழுந்து மண்ணுக்குள் போகும். மரத்தடியைக் கிளறிப் பார், சின்னச் சின்னப் பழுப்புக் கூடுகள் கிடைக்கும்.

மாணவி: பழுப்புதான் அதன் இயல்பா?

குரு: அவசரப்பட்டு இயல்பு என்று சொல்லாதே. புழுத்தோல் இறுகிக் கூடாகும்போது, இரத்தநீரிலுள்ள கேட்டகோலமைன் என்னும் பொருள்கள் அந்தத் தோலுக்குப் போகவேண்டும். அவற்றைக் கொண்டுபோகும் புரதத்துக்கு ஒரு மரபணு உண்டு. அது பழுதானால் பொருள் இரத்தநீரிலேயே தேங்கும், கூடு வெளுத்துப்போகும். உன் கொய்யாவைக் கெடுக்கும் ஈ, பாகலைக் கெடுக்கும் ஈ, மத்தியதரைக்கடல் பழ ஈ, மூன்றிலும் கூடு வெளுத்தவற்றில் பழுதானது ஒரே மரபணுதான் என்று 2021இல் கண்டறிந்தார்கள்.

மாணவி: வெள்ளைக் கூட்டிலிருந்து வெள்ளை ஈயா வரும்?

குரு: இல்லை, வழமையான நிறத்து ஈதான்.

மாணவி: வெள்ளைக் கூடு என்றால் பெண், பழுப்பு என்றால் ஆண் என்று எங்கோ வாசித்தேனே?

குரு: அது ஆய்வுகூடத்தில் மனிதர் போட்ட முடிச்சு. வெள்ளைக் கூட்டு ஈக்களில், பழுதற்ற மரபணுவை ஆணுக்கே உரிய வை குரோமோசோமோடு பிணைத்தார்கள். அதனால் ஆணின் கூடு மட்டும் பழுப்பாகும். நிறத்தைப் பார்த்து இயந்திரமே பிரித்துவிடும். அந்த ஆண்களைக் கதிர்வீச்சால் மலடாக்கி வெளியே விட்டால், அவற்றோடு கூடிய பெண் இடும் முட்டை பொரிக்காது. இந்தப் பிரிப்பு வருமுன்பே, மலட்டு ஈக்களை விட்டு விட்டு 1993இல் ஒகினாவாவில் பாகல் ஈயை அடியோடு ஒழித்தது ஜப்பான்.

மாணவி: அப்படியானால் நிறம் தானாகப் பாலைச் சொல்லவில்லை. நாம்தான் சொல்லவைத்தோம்.

குரு: அதேதான். இனத்தையும் அது சொல்லாது. 2003இல் கென்யாவில் ஒரு பழ ஈ அகப்பட்டது. இலங்கையிலும் அதே ஈ இருந்தது. முதுகு செம்பழுப்பிலிருந்து கறுப்புவரை பலவிதம். 2005இல் பாக்ட்ரோசீரா இன்வேடன்ஸ் என்று புதிய இனமாகப் பெயர் வைத்தார்கள். பிறகு அதையும் டோர்சாலிஸ் என்னும் பழைய இனத்தையும் ஒன்றாக விட்டுப் பார்த்தால், தடையில்லாமல் கூடின, பிறந்தவையும் பெருகின. 2015இல் இரண்டும் ஒன்றே என்று முடிவாயிற்று. நிறத்தை வைத்து மனிதரைப் பிரிக்கிறவர்கள் இந்த ஈயின் கதையைப் படிக்கவேண்டும்.

மாணவி: ஆனாலும் ஒரு உயிரை முட்டையிலேயே தடுப்பது பாவமில்லையா?

குரு: பாவம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மருந்தடித்தால் தேனீயும் சாகும். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து அடிக்கிற உன் மூச்சுக்குள்ளும் அது போகும். மலட்டு ஆண் தேடிப்போவது தன் இனத்துப் பெண்ணை மட்டுமே. இரண்டில் கேடு குறைந்தது இதுதான் என்பேன்.

மாணவி: மலட்டு ஈ இங்கே வரும்வரை காத்திருக்க முடியாதே, சேர்.

குரு: காத்திருக்காதே. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடு. பாகல் பிஞ்சுக்குக் கடதாசி உறை மாட்டு. நீ மட்டும் செய்தால் பக்கத்து மரத்து ஈ வரும். லயத்தில் எல்லா வீட்டுக்கும் இன்றைக்கே போய்ச் சொல்.