பழக்கமும் வாசனையும்

தீயதெனத் தானே அறிந்த ஒரு செயலை, 'இனிச் செய்யேன்' எனச் சூளுற்ற பின்னரும் ஒருவன் மீளவும் செய்வது என்னை? அறியாமையே காரணமெனின், அறிவு வந்தவழி அது நீங்குதல் வேண்டும், நீங்கக் காண்கிலேம். மனத்திண்மை இன்மையே காரணமெனின், ஏனைத் தொழில்களில் அவனே திண்ணியனாய் நிற்கக் காண்கின்றேம். ஆகலின் இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

யாம் வாழும் கடமலைக்குண்டின் அருகே, வருசநாட்டு மலையிற் பிறந்த மூல வைகை செல்கின்றது. ஆண்டிற் பல திங்கள் அது வெறு மணலாய்க் கிடக்கும். மழை பெய்தவழியோ புதுநீர் வேறிடம் நாடாது, பழைய நீர் அரித்த பள்ளத்தையே பற்றி ஓடும். நீர் வற்றினும் தடம் வற்றுவதில்லை. செயல் ஒழிந்த பின்னும் அதன் பதிவு உயிரின்கண் நிற்றல் இத்தன்மைத்து. இதனையே நம் ஆசிரியர் வாசனை என்பர். பெருங்காயம் எடுத்த கலத்தில் மணம் நிற்றலை அதற்கு உவமையாகக் காட்டுவர்.

பொருளை அகற்றினாற் பழக்கம் அகலும் என்பாரும் உளர். 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரவிற்று. 1971-இல் தளர்த்தப்பட்டு, 1974-இல் மீளவும் விதிக்கப்பட்டது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் வாணிபக் கழகமே நடத்துகின்றது. சட்டம் பயனற்றது என்பது எம் கருத்தன்று, அது வேலியாம். ஆயினும் வேலியே பயிராகாது. அவா அகத்தே நின்றானுக்கு, மூடிய கதவு திறக்கும் நாளை நோக்கி நிற்கும் கதவேயாம்.

அங்ஙனமாயின் உய்தி யாது? உயிர் சார்ந்ததன் வண்ணமாவது என்பது சித்தாந்தம். ஒன்றையும் சாராது தனித்து நிற்றல் அதற்கு இயல்பன்று. ஆதலின் 'விடுவேன், விடுவேன்' எனத் தீயதனையே நினைந்திருப்பான், விட முயலும் பொழுதும் அதனையே சார்ந்தவனாவன். நல்லதொன்றைப் பற்றினானுக்கோ, பற்றிய அளவிற்கு மற்றது நெகிழும். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரத்தில் திருவைந்தெழுத்தை விதித்ததும், பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் ஞானம் பெற்றார்க்கும் அடியாரிணக்கத்தையும் ஆலய வழிபாட்டையும் விதித்ததும் இதுபற்றியேயாம். ஞானியர்க்கே சார்பு வேண்டுமெனின், ஏனையோர்க்குச் சொல்லல் வேண்டுமோ?

'மீளவும் வழுவினான் முயற்சி வீணன்றோ?' எனின், அற்றன்று. ஒருமுறை கழுவி மணம் போகாமை கண்டு கலத்தை உடைப்பார் இலர்; மீளவும் கழுவுவர். இவ்வுண்மை அறிந்தும், வழுவினவனை இழித்து விலக்குவார் பலர். விலக்கப்பட்டான் எதனைச் சார்வான்? தன்னை ஏற்கும் பழைய கூட்டத்தையே. ஆகவே அவனைப் பழந்தடத்திற் செலுத்தினார், அவன் வழுவுதலை வெறுத்த அவரே ஆகின்றனர்.

எனவே, வழுவினான் ஒருவன் வந்து நின்றவழி, அவன் எத்துணை முறை சூள் பொய்த்தான் என எண்ணாது, இனி அவன் சார்தற்கு நம்மிடத்து இடம் உளதோ என எண்ணுதலே சைவ நன்மக்கட்குக் கடனாம்.