மூன்று கிராம் அரசிகள்

பெரிய ஃபாஸ்டினாவின் டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளி நாணயத்தைக் கையில் எடுத்தால், இது இறந்தவள் முகம் என்ற நினைப்புத்தான் முதலில் வருகிறது. அன்டோனைனஸ் பயஸ் 138இல் ரோமின் பேரரசனானான். சில ஆண்டுகளிலேயே மனைவி ஃபாஸ்டினா போய்விட்டாள். செனட் அவளைத் தெய்வமாக அறிவித்தது. ரோம் நகரின் நடுவே கோயில் எழுந்தது. அதன் தூண்கள் இன்றும் நிற்கின்றன. 161இல் அவன் இறக்கும்வரை நாணயச்சாலை ‘தெய்வ ஃபாஸ்டினா’ என்று பொறித்து வெள்ளியை அடித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு அடித்ததால்தான், சற்றுத் தேய்ந்த ஒன்று இன்றைக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசின் விலைக்குள் கிடைக்கிறது.

தேய்ந்ததையே நான் விரும்பி எடுக்கிறேன். உச்சியில் சுற்றிய சடைக்கொண்டைதான் மேடான இடம். முதலில் மழுங்குவது அதுதான். எத்தனை விரல்கள் பட்டு அப்படி ஆகியிருக்கும்! பெட்டியில் புத்தம் புதிதாகக் கிடந்த நாணயம் சந்தைக்கே போகாதது.

*

அரசி நாணயம் என்றதும் வெள்ளலூர் நினைவுக்கு வருகிறது. கோவைக்குப் பக்கத்தில் அங்கே கிடைத்த ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதி பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தது. டைபீரியஸின் நாணயத்தில் பின்புறம் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவன் தாய் லிவியா என்றே பலரும் கொள்கிறார்கள். பெயர் பொறிக்கவில்லை. கொங்கு மண்ணுக்குள் இருந்த அரசி பெயரில்லாமல் இருந்தாள்.

*

ஜூலியா டோம்னா சிரியாவின் எமேசாவில் பிறந்தவள். தலைமுடி அலையலையாக, கனத்த கவசம்போல் கழுத்துவரை இறங்கும். அவள் கணவன் பேரரசன் செப்டிமியஸ் செவரஸ் படைவீரர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தினான்; டெனாரியஸில் வெள்ளியின் பங்கை ஏறக்குறைய பாதி என்ற அளவுக்கு இறக்கினான். ஃபாஸ்டினாவுக்குப் பக்கத்தில் வைத்தால் இவளுடைய நாணயம் நிறம் மங்கித் தெரியும்.

சேகரிப்பவர்கள் இவளைக் காலவரிசைப்படுத்துவது எழுத்தைப் பார்த்துத்தான். வெறும் ‘ஜூலியா அகஸ்டா’ என்றிருந்தால் கணவன் உயிரோடிருந்த காலம். ‘பக்தியும் பாக்கியமும் உடையவள்’ என்ற பட்டம் சேர்ந்திருந்தால் 211க்குப் பிந்தியது. அந்த 211இல்தான் செவரஸ் இறந்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களுடைய மூத்த மகன் கராகலா இளையவன் கெட்டாவைக் கொல்லச் செய்தான். தாயின் மடியிலேயே குத்தினார்கள், தடுத்த அவள் கையிலும் காயம் என்று வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதியிருக்கிறார். மகனுக்காக அழக்கூட அவளுக்கு அனுமதியில்லை. அந்தப் பட்டம் பொறித்த நாணயத்தை எடுத்தால் என்னால் சீக்கிரம் கீழே வைக்க முடிவதில்லை. அவள் வாய் இறுக மூடியிருக்கிறது. பொறிப்பவன் பழக்கத்தில் அப்படிச் செய்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

*

பல்கேரியாவின் ரேகா தெவ்னியாவில் 1929இல் ஒரே இடத்தில் 80,000க்கும் மேற்பட்ட வெள்ளி நாணயங்கள் வெளிப்பட்டன. அந்த ஊரின் பழைய பெயர் மார்சியானோபோலிஸ். பேரரசன் டிராஜன் அதற்குத் தன் அக்கா மார்சியானாவின் பெயரை வைத்தான். அவளுடைய டெனாரியஸோ மிக அரிது. என்னைப் போன்றவர் கைக்கு எட்டாத விலை.

*

பிளாட்டில்லா. 202இல் கராகலாவுக்குக் கட்டிவைத்தார்கள். கட்டாயக் கல்யாணம், அவன் அவளை வெறுத்தான். நாணயத்தின் பின்புறத்திலோ இருவரும் கை கோத்து நிற்கிறார்கள். 205இல் அவள் தகப்பன் பிளாட்டியானஸைக் கொன்று, அவளை லிபாரி தீவுக்கு அனுப்பினார்கள். செவரஸ் இறந்தபின் அங்கேயே அவளையும் கொன்றாயிற்று. நாணயம் வந்தது மூன்றே ஆண்டு. அதற்குள்ளும் சிகை மாறுகிறது, முகம் முதிர்கிறது.

ரோமில் 204இல் காசுமாற்றுவோரும் மாட்டு வணிகரும் சேர்ந்து அரச குடும்பத்துக்கு ஒரு வாயில் எழுப்பினார்கள். அதில் இருந்த அவள் உருவத்தைப் பின்னால் செதுக்கி எடுத்துவிட்டார்கள். கராகலாவுக்குப் பக்கத்தில் கல் வெறுமையாக இருக்கிறது. வெள்ளியில் இருந்த முகத்தை மட்டும் முழுக்க அழிக்க முடியவில்லை. அது ஏற்கெனவே படைவீரர் பைகளிலும் கடைத்தெருவிலும் பரவிவிட்டிருந்தது.

ஒரே ஒரு அரசி நாணயம்தான் வாங்க முடியும் என்பவருக்கு நான் பிளாட்டில்லாவைத்தான் சொல்வேன். ஃபாஸ்டினாவைவிட விலை கொஞ்சம் கூடும்.