மனம் போன போக்கில் வாசிக்கலாமா?

 

நம் கடைக்கு அடுத்த கடையில் தையற்காரர் ஒருவர் இருக்கிறார். தொழுகை நேரம் போக மற்ற நேரமெல்லாம் மெஷினை விட்டு எழுந்திருக்கமாட்டார். மெஷினின் இழுப்பறையில் நூற்கண்டுகளோடு எப்போதும் ஒரு புத்தகம் கிடக்கும். அது என்ன புத்தகம் என்பதுதான் வேடிக்கை. நோன்புப் பெருநாளுக்கு முன்பு துணிகள் மலைபோல் குவிந்திருக்கும் நாட்களில் துணுக்குகளும் நகைச்சுவையும். பெருநாள் கழிந்து கத்தரிக்கோல் ஓய்ந்த மாதத்தில் பெரிய சரித்திர நூல். மகளுக்கு மாப்பிள்ளை தேடிய ஆண்டில் குடும்ப நீதி. சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன மறுவாரம் மருத்துவ நூல். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராதலால், பழைய நினைவு வந்துவிட்டால் பால்மரக் காட்டுக் கதைகள். நெஞ்சு கனத்த நாளிலோ குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்கள்.

ஒருநாள் நாம் அவரைக் கேட்டோம்: "என்ன பாய், மேய்கிற ஆடு போல அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய்! இப்படி வாசித்தால் அறிவு எப்படி நிலைக்கும்?"

அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "வெயிலுக்கு மோர் குடிக்கிறீர்கள், மழைக்குச் சுக்குக்காப்பி குடிக்கிறீர்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதை மனத்துக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள், முதலாளி?" என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. ஆனால் கேள்வி நம்மை விடவுமில்லை. மனத்தின் போக்கில் வாசிப்பது குற்றமா?

மார்க்கத்தைக் கேட்டால், மனத்தின் நிலையை அது புறக்கணிக்கவில்லை என்றே தெரிகிறது. இப்னு மஸ்ஊது (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மக்களுக்கு உபதேசம் செய்து வந்தார்கள். நாள்தோறும் செய்யலாகாதா என்று ஒருவர் ஆசையோடு கேட்டபோது, உங்களைச் சலிப்படையச் செய்ய நாம் விரும்பவில்லை என்றும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் சலிப்புக்கு அஞ்சித் தக்க வேளை பார்த்தே உபதேசித்தார்கள் என்றும் விடையளித்தார்கள். கேட்பவர் மனம் களைத்திருக்கும்போது நல்ல சொல்லும் பாரமாகிவிடும் என்பதை அப்பெருமக்கள் அறிந்திருந்தார்கள். அப்படியிருக்க, பகலெல்லாம் குனிந்து தைத்த மனிதர் ஒரு துணுக்கு படித்துச் சிரிப்பதைக் குறைசொல்ல நாம் யார்?

தேவையால் பிறக்கும் ஆர்வத்தையும் இழிவாக எண்ணவேண்டியதில்லை. நம் மலாக்காவில் 1796ஆம் ஆண்டு பிறந்த முன்ஷி அப்துல்லாவைப் பாருங்கள். அரபு, தமிழ் வழிவந்த குடும்பத்தவர். அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமென்றும், வணிகர்கள் நிறைந்த ஊராதலால் கணக்கு வழக்குக்கு அது உதவியதென்றும் தம் வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார். கணக்குக்காகக் கற்ற தமிழ் கணக்கோடு நின்றுவிட்டதா? இல்லை. 1835ஆம் ஆண்டு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய் மொழிக்குக் கொண்டுவர அத்தமிழே கைகொடுத்தது. கடைத்தெருவின் தேவை திறந்துவிட்ட வாசல் வழியே அவர் இலக்கியத்துக்குள் போய்ச் சேர்ந்தார்.

இதுவரை தையற்காரர் கட்சியே வென்றது. இனி நம் கதையைச் சொல்லவேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு அப்துல் ஹமீது பாகவி ஹஜ்ரத் அவர்களின் திருக்குர்ஆன் தமிழ் மொழிபெயர்ப்பை ஆசையோடு வாங்கி, கல்லாவுக்கு மேலே உள்ள தட்டில் வைத்தோம். மனம் அமைதியாக இருக்கும் நாளில் ஓதிப் பொருளறிவோம் என்பது நம் நிய்யத்து. திங்கட்கிழமை சரக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை கடன்காரர் வந்தார். அமைதியான நாள் மட்டும் வரவேயில்லை. நம் வாப்பா மௌத்தான வாரத்தில்தான் அந்தப் புத்தகத்தைத் தேடி மனம் ஓடிற்று. தூசி தட்டி எடுத்தோம். எங்கே திறப்பது, எதைத் தேடுவது என்று கைக்குத் தெரியவில்லை. கண்ணீரோடு மூடி வைத்துவிட்டோம்.

அன்று மாலை நம் வீட்டுக்கு வந்தவர் அதே தையற்காரர். புத்தகத்தை வாங்கினார், சற்றும் தடுமாறாமல் ஓரிடத்தைத் திறந்தார், பொறுமையைப் பற்றிய வசனங்களின் பொருளை மெல்ல வாசித்தார். பிறகு கேட்டறிந்தோம்: இருபது ஆண்டுகளாக ஸுப்ஹு தொழுதபின், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பக்கம் அவர் வாசித்து வருகிறாராம். மெஷின் இழுப்பறையில் இருந்த புத்தகத்தை மட்டுமே நாம் கண்டோம். வீட்டில் இருந்த புத்தகத்தைக் காணவில்லை. மேய்கிற ஆடு என்று நாம் ஏளனம் செய்தவருக்குத் தொழுவம் இருந்தது. நமக்குத்தான் இல்லை.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாது நகரில் கண்ணாடி இழைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். இலக்கணம் கற்க ஆசை பிறந்து, முபர்ரது என்னும் ஆசிரியரிடம் போனார். நாள் வருமானம் ஏறத்தாழ ஒன்றரை திர்ஹம். அதில் ஒரு திர்ஹத்தை நாள்தோறும் தருவதாகவும், பாடம் தேவைப்படாத காலத்திலும் மரணம் பிரிக்கும்வரை தருவதாகவும் வாக்களித்து, அப்படியே கொடுத்தும் வந்தார். அவரே பின்னாளில் திருக்குர்ஆனின் பொருள்விளக்க நூல் எழுதிய ஸஜ்ஜாஜ். ஆசை அவரை ஆசிரியரின் வாசலுக்குக் கொண்டுவந்தது. உள்ளே நிறுத்தியது அந்த அன்றாட திர்ஹம்.

வணிகர்களாகிய நமக்கு இது புரியாத விஷயமன்று. வாடிக்கைக்காரர் மனம் பார்த்துச் சரக்கு காட்டுகிறோம்; ஆனால் கடை திறக்க மனம் இருக்கிறதா என்று காலையில் யாரும் யோசிப்பதில்லை. வாசிப்பும் அவ்வாறே. எந்தப் புத்தகம் என்பதை மனம் சொல்லட்டும். வாசிப்பதா வேண்டாமா என்பதை அதனிடம் கேட்கவேண்டாம். கொஞ்சமானாலும் விடாமல் செய்யும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் உகந்தது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துத் தந்திருக்கிறார்கள். அருளப்பெற்ற முதற்சொல்லே ஓதும்படி இட்ட கட்டளையல்லவா?

அந்தப் புத்தகம் இப்போது தட்டில் இல்லை. கல்லா மேசையின் மேல் இருக்கிறது. கடை திறந்ததும் முதல் வியாபாரத்துக்கு முன் ஒரு பக்கம். சில நாள் மனம் அதில் படிகிறது. சில நாள் படிவதில்லை. பக்கம் மட்டும் தவறுவதில்லை. நமக்கும் உங்களுக்கும் அல்லாஹ் அந்த உறுதியைத் தருவானாக! ஆமீன்.