நீரின் வளவு

புத்தளம் தொடக்கம் சிலாபம் வரை கரையோரத்தில் காணி தேடுவோருக்குத் தரகர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு: "கொஞ்சம் கிறவல் போட்டால் சரி." வெள்ளம் வந்து தங்கிப்போகும் நிலத்தை விற்க யாருக்கு உரிமை என்ற கேள்வியும் அந்தக் கிறவலோடு சேர்ந்தே மூடுண்டு போகிறது.

மீ ஓயாவும் கலா ஓயாவும் புத்தளம் களப்பில் கலக்கின்றன. தெதுறு ஓயா சிலாபத்தருகே கடலை அடைகிறது. வருடத்தின் பெரும்பகுதி வெறுமனே கிடக்கும் தாழ்நிலம் மாரியில் இந்த ஆறுகளின் மிகைநீரைத் தாங்கிக்கொள்கிறது. அதை நிரப்பினால் நீர் இல்லாமற்போவதில்லை. அடுத்தவன் வளவுக்குப் போகிறது.

நமது பிக்ஹு நூல்கள் 'மவாத்' என்று ஒரு நிலத்தைச் சொல்கின்றன. உயிரற்ற, எவருக்கும் உரித்தில்லாத நிலம் அது. அதை உயிர்ப்பித்தவர் உரித்தாளராகலாம். சதுப்பை நிரப்புவோரும் இதைத்தான் செய்கிறோம் என்று எண்ணக்கூடும். ஆனால் அதே நூல்களில் 'ஹரீம்' என்பதும் உண்டு. கிணறும் ஆறும் பயன்தர அவற்றைச் சூழ விடப்பட வேண்டிய எல்லை அது. வெறுமையாகக் கிடந்தாலும் அது மவாத் ஆகாது. அதை உயிர்ப்பித்து எவரும் சொந்தமாக்க முடியாது. வெள்ளநிலத்தை ஆற்றின் ஹரீமாகவே நான் பார்க்கிறேன்.

நாட்டின் சட்டம் இவ்விடத்துக்கு மெதுவாகவே வந்தது. 1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை 'மீட்பதற்கென' இயற்றப்பட்டது. யாரிடமிருந்து மீட்பது? நீரிடமிருந்து. 2000இல் எப்பாவல பொஸ்பேற் வழக்கில் உயர் நீதிமன்றம், அரசு இயற்கை வளங்களை மக்களுக்காகக் காக்கும் பொறுப்பாளர் என்று கண்டது. நம் மொழியில் அது அமானிதம். 2006இன் திருத்தம், பிரகடனம் செய்யப்பட்ட தாழ்நிலங்களை அனுமதியின்றி நிரப்புவதைத் தடைசெய்தது.

எனினும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்தோர், கையிலிருந்த காசுக்குக் கிடைத்த காணியையே வாங்கினார்கள். மலிந்த காணி பெரும்பாலும் தாழ்ந்த காணிதான். அவர்களிடம் போய், இது ஆற்றுக்குரியது, எழும்புங்கள் என்பது நீதியாகுமா?

ஆகாது. விற்றவரின் இலாபத்தை விட்டுவிட்டு, வாங்கியவரின் கூரையில் கைவைக்கும் சட்டம் ஆற்றுக்கும் உதவாது. தடை நொத்தாரிசின் மேசையில், உறுதி எழுதுமுன் நிற்க வேண்டும். ஏற்கெனவே குடியிருப்போருக்கு மேட்டில் மாற்றுக்காணி கொடுத்த பிறகே தாழ்நிலத்தைக் கேட்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியது. அன்று ஆறு எவருடைய உறுதியையும் வாசித்துப் பார்க்கவில்லை. நாம்தான் எழுதுமுன் வாசித்திருக்க வேண்டும்.