பெட்டிக்குள் வராத செலவு



போன பங்குனியில் அம்மாவின் அறைக்கு ஏசி மாட்டினோம். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. புழுக்கத்தில் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒன்றரை டன் ஏசி ஒன்றைக் கைப்பேசியிலேயே தேடிப் பணம் கட்டி வரவழைத்தேன். எங்கள் தெருமுனைக் கடையில் சொன்ன விலையைவிட 3,000 ரூபாய் குறைவு. அந்த மகிழ்ச்சி மாட்ட ஆள் வரும்வரை இருந்தது.

வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே டேப்பை எடுத்து, அறைச் சுவரிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் அளந்தார். "அக்கா, பெட்டியில மூணு மீட்டர் பைப்புதான் வரும். உங்களுக்கு ஆறு மீட்டர் வேணும்" என்றார். பிறகு பில் புத்தகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினார். மாட்டும் கூலி 1,500. கூடுதல் காப்பர் பைப் 2,700. வெளியே வைக்கும் யூனிட்டுக்கு இரும்பு ஸ்டாண்டு 900. சுவரில் துளை போட 400. மொத்தம் 5,500 ரூபாய். அவர் கேட்டதில் எதுவும் அநியாயம் இல்லை. எல்லாம் செய்தே ஆக வேண்டிய வேலை, வாங்கியே ஆக வேண்டிய பொருள். மறுநாள் தெருமுனைக் கடை அண்ணனைப் பார்த்தபோது கேட்டேன். "நான் சொன்ன ரேட்டுல பைப்பு, ஸ்டாண்டு, கூலி எல்லாமே அடக்கம்மா. நீங்க கேக்கவே இல்லையே" என்றார்.

ஆக, 3,000 மிச்சம் என்று நினைத்த இடத்தில் 2,500 கூடுதலாகப் போயிருக்கிறது. ஆன்லைனில் வாங்குவதில் தவறில்லை. மிக்சியும் ஃபேனும் நல்ல விலைக்கு அப்படி வாங்கியவள்தான் நான். ஆனால் வீட்டுச் சாதனத்துக்குத் திரையில் தெரிகிற விலை ஒரு பாதிதான். மறுபாதி அது நம் வீட்டில் நிற்கப்போகிற பத்து வருடத்தில் இருக்கிறது.

அந்த மறுபாதியை எங்கே படிப்பது? சாதனத்தின்மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையில். மத்திய அரசின் பி.இ.இ. என்ற எரிசக்தித் திறன் அமைப்பு 2006-இல் கொண்டுவந்தது அது. நம்மில் பலர் நட்சத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்குக் கீழே, வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். பணம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஏசிக்கு அந்தக் கணக்கு வருடத்தில் 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போடப்படுகிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 200 நாள். உங்கள் வீட்டில் அதைவிட அதிகமா, குறைவா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு ஏசியில் 970 யூனிட், இன்னொன்றில் 750 யூனிட் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 220. நம் தமிழ்நாட்டில் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது.  அந்த இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். அதோடு கீழே சலுகை விலையில் கிடைத்த சில யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். கோடையில் ஏசி ஓடுகிற வீடுகள் பெரும்பாலும் அந்த 500-ஐத் தாண்டிவிடுகின்றன. அப்படிப்பட்ட வீட்டுக்கு அந்த 220 யூனிட் வருடத்துக்கு 1,800 ரூபாய் வரை வரும். 750 யூனிட் ஏசி 7,000 ரூபாய் அதிகம் என்றாலும் நான்கு வருடத்தில் ஈடாகிவிடும். பிறகு மிச்சம் நமக்கு. ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறைக்கு ஐந்து நட்சத்திரம் தேடி 7,000 கூடக் கொடுப்பது வீண் என்றே சொல்வேன். மூன்று நட்சத்திரமே போதும்.

முத்திரையில் வருடத்தையும் பாருங்கள். ஏசியின் திறனைக் காட்டும் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் 4.5 இருந்தாலே ஸ்பிளிட் ஏசிக்கு 2018-இல் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. 2022 ஜூலையில் அந்த வரம்பை 5 ஆக்கினார்கள். இப்படி அவ்வப்போது அளவுகோலை இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். கிடங்கில் தங்கிய பழைய சரக்கு, பழைய முத்திரையோடு தள்ளுபடிக்கு வரும். விலை உண்மையிலேயே நன்றாகக் குறைந்திருந்தால் வாங்கலாம். ஆனால் பழைய ஐந்துக்கும் புதிய ஐந்துக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

தள்ளுபடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அடித்துக் காட்டியிருக்கிற பெரிய விலையை நான் பார்ப்பதே இல்லை. வாங்க முடிவு செய்தவுடன், அந்தப் பொருளின் இன்றைய விலையை நாட்காட்டித் தாளின் ஓரத்தில் குறித்து வைத்துவிடுவேன். இரண்டு வாரம் கழித்து "மெகா ஆஃபர்" வரும்போது அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வரியையும் கணக்கில் எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. முன்பு வரியோடு 40,000 ரூபாய் இருந்த ஏசி, வரி குறைந்த அளவிலேயே 36,875 ரூபாய்க்கு வந்துவிட வேண்டும். அந்தப் பழைய நாற்பதாயிரத்தைக் காட்டி ஒருவர் 3,000 ரூபாய் தள்ளுபடி என்றால், அவர் தம் கையிலிருந்து எதுவும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு இடத்தில் விலை பார்க்கும்போது மாடல் எண்ணையும் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். பார்வைக்கு ஒரே ஃப்ரிட்ஜ்தான். எண்ணின் முடிவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த ஓர் எழுத்தில் கண்ணாடித் தட்டு பிளாஸ்டிக் தட்டாகியிருக்கலாம், யூனிட் கணக்கும் மாறியிருக்கலாம்.

"இன்னும் இரண்டே உள்ளன", "பத்து நிமிடத்தில் முடிகிறது" என்று வருவதைக் கண்டு பதற வேண்டாம். பொய்யாக அவசரப்படுத்துவது, நாம் கேட்காத பொருளைக் கூடைக்குள் போட்டுவிடுவது, கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைச் சேர்ப்பது உட்பட 13 வகைத் தந்திரங்களை முறையற்ற வணிகம் என்று 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. பணம் கட்டும் முன் கடைசிப் பக்கத்தை வரி வரியாகப் படித்தால், யாரும் கேட்காத காப்பீடு ஒன்று 300 ரூபாய்க்கு உட்கார்ந்திருப்பது சில சமயம் கண்ணில் படும்.

வட்டியில்லாத் தவணையும் அப்படித்தான். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், கிரெடிட் கார்டுத் தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில் விழும். பரிசீலனைக் கட்டணம் தனி. மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வாரண்டிக்கு வருகிறேன். "பத்து வருட வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் "கம்ப்ரசருக்கு மட்டும்" என்று இருக்கும். ஐந்தாம் வருடம் கம்ப்ரசர் போனால் அந்தப் பாகம் இலவசமாக வரலாம். கேஸ் நிரப்புவது, ஆள் வரும் கட்டணம், கூலி எல்லாம் பல நிறுவனங்களில் நம் செலவு. மின்னழுத்தம் ஏறி இறங்குகிற நம் ஊர்களில் கம்ப்ரசருக்கு முன் பழுதாவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு. ஆகவே போர்டுக்கு எத்தனை வருடம் என்று கேளுங்கள். உங்கள் ஊரில், குறைந்தது பக்கத்து டவுனிலாவது, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பழுது பார்க்க ஆள் வராத வாஷிங் மெஷின் துணி போட்டு வைக்கிற பெட்டியாகிவிடும்.

இன்ச் டேப்பால் முதலில் வாசலை அளந்துவிடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலம். குளியலறைக் கதவு, மாடிப்படித் திருப்பம், குழாய் இருக்கும் உயரம் எல்லாம் தெரிந்த பிறகு பணம் கட்டினால் போதும். திருப்பி அனுப்பும் அலைச்சல் மிச்சம்.

பொருள் வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீட்டில் யாரையாவது கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். திறந்து காட்டித் தருகிற டெலிவரி என்றால், பார்த்து முடித்த பிறகே ஓடிபி சொல்லுங்கள். சாதனத்தின் வரிசை எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா, பில்லில் விற்றவரின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த பில் நாளைக்கு நமக்கு இருக்கும் ஒரே ஆயுதம்.

அப்படியும் ஏமாற்றப்பட்டால், நம் நேரம் சரியில்லை என்று விட்டுவிடாதீர்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, நாம் புகார் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று ஆன்லைன் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது. வீட்டிலிருந்தே இணையத்தில் மனுக் கொடுக்கலாம்.

முதலில் அழைக்க வேண்டியது தேசிய நுகர்வோர் உதவி எண். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்: ஒன்று, ஒன்பது, ஒன்று, ஐந்து. 1915. ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டி வையுங்கள்.