மூன்று ரூபாய்

போன வருடம் ஒரு வாரம் திருவண்ணாமலையில் தனியாக இருந்தேன். அக்காவிடம் பெங்களூரில் ஆபீஸ் ட்ரெய்னிங் என்று சொல்லியிருந்தேன்.

பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. “எங்கயாவது போய் ஒரு வாரம் சும்மா இருக்கணும்போல இருக்குக்கா” என்று சொல்லியிருந்தால் “போய்ட்டு வாடா” என்றுதான் சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்லிவிடுவாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. மறுக்கத் தெரியாதவரிடம் அனுமதி கேட்பது ஒருவகைத் திருட்டு என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன். கேட்காமலே எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயர் என்று யோசிக்கவில்லை.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது கை, வலது கால் இரண்டும் வரவில்லை. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். அப்பா காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறார். நான் சென்னையில் இருந்துகொண்டு மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் அவருக்கு ஷேவ் செய்துவிடுகிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் இதற்குப் பெயர், “தம்பி எல்லாத்தையும் பாத்துக்கிறான்.”

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, திண்டிவனம், செஞ்சி தாண்டிப் போய் இறங்கினேன். செங்கம் சாலையில் ஒரு லாட்ஜ். பௌர்ணமி வராத வாரமாகப் பார்த்து லீவு போட்டிருந்தேன்; இல்லையென்றால் ரூமே கிடைத்திருக்காது.

முதல் மூன்று நாட்களைப் பற்றிக் குற்றவுணர்ச்சியோடு எழுத என்னால் முடியாது. அவ்வளவு நன்றாக இருந்தன. தனியாக ஊர் சுற்றுவதில் எனக்குப் பிடித்தது அமைதி இல்லை. திருவண்ணாமலையில் அமைதி எங்கே இருக்கிறது? ஆட்டோக்காரர்களும் ஆசிரமத்து மயில்களும் போட்டி போட்டுக் கத்துகிற ஊர் அது. பிடித்தது என்னவென்றால், அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன் கோயிலுக்குப் போனேன். கிழக்கு ராஜகோபுரம், 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்தது, தஞ்சாவூர் சேவப்ப நாயக்கர் முடித்தது. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். “போதும் வாங்க” என்று சொல்ல ஆளில்லை. சிவகங்கைத் தீர்த்தத்தின் ஓரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இட்லி சாப்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் மறுபடியும் இட்லி சாப்பிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ரமணாசிரமத்தின் பின்பக்கமாக மலைப்பாதையில் ஏறி ஸ்கந்தாசிரமத்துக்குப் போனேன். வழியில் மாக்கல்லில் சின்னச் சின்ன சிலைகளைச் செதுக்கி விற்பவர்கள். ஒரு திருப்பத்தில் சட்டென்று கீழே கோயில் முழுசாகத் தெரிகிறது. நான்கு பக்கமும் கோபுரங்கள், நடுவில் பிராகாரங்கள், ஏதோ சர்க்யூட் போர்டை மேலிருந்து பார்ப்பது மாதிரி. சுற்றிலும் ஊர். அத்தனை வீட்டிலும் யாரோ யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருக்கிற நேரம். நான் மட்டும் எதிலும் இணைக்கப்படாமல் மேலே நிற்கிறேன் என்று ஒரு கர்வம் வந்தது.

எங்கள் தொழிலில் ‘ஸ்டாண்ட்-அலோன்’ என்று ஒரு வார்த்தை உண்டு. வேறு எதையும் நம்பியில்லாமல் தனியாக ஓடுகிற மென்பொருள். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே யார் யாரோ எழுதிய நூற்றுக்கணக்கான கோப்புகள் மொத்தமாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

நான்காம் நாள் சாயங்காலம் ராஜகோபுரத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். அப்பாவுக்கு பிஸியோதெரபி வருகிறவர் இரண்டு நாளாக வரவில்லை, வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்பதற்காக. அந்தப் பக்கம் குக்கர் விசில். இந்தப் பக்கம், வேனில் வந்து இறங்கிய ஒரு கூட்டம் மொத்தமாக, “அண்ணாமலையாருக்கு அரோகரா!”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

“பெங்களூர்ல ஏதுடா அண்ணாமலையார்?”

நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை. “சரி சரி. சாப்டியா? கோயிலுக்குப் போனியன்னா அப்பா பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்த ஊரே வேறுமாதிரி தெரிய ஆரம்பித்தது. யோசித்துப் பார்த்தால் திருவண்ணாமலை, வீட்டைவிட்டுத் தனியாகக் கிளம்பி வந்தவர்களின் ஊர். சேஷாத்ரி சுவாமிகள் 1889இல் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார் (என் அக்காவின் ஊர்!). யோகி ராம்சுரத்குமார் வடக்கே மனைவி குழந்தைகளை விட்டுவிட்டு 1959இல் வந்தார். வந்தவர்களுக்கு இங்கே சமாதி இருக்கிறது, ஆசிரமம் இருக்கிறது. அவர்கள் கிளம்பிய வீடுகளில் அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்பதற்கு ஒரு கல்கூட இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ரமணர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதில் வரும் பணத்தை நான் அதுவரை கவனித்ததில்லை. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் அந்தப் பையனுக்கு வயது 16. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்கிறான். (அவனுக்கு ஸ்பெஷல் கிளாஸ், எனக்கு ட்ரெய்னிங்.) அப்படியானால் போகிற வழியில் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடு, ஐந்து ரூபாய் வாங்கிக்கொள் என்கிறார் அண்ணன் நாகசுவாமி. சித்தி பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள், சாப்பாடும் போடுகிறாள். பையன் ஒரு பழைய அட்லஸைப் பார்த்து ரயில் செலவுக்கு மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போடுகிறான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் வந்துவிட்டது அந்த அட்லஸில் இல்லை. அப்டேட் ஆகாத மேப்! மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போகிறான்.

அந்தச் சீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதில் ‘நான்’ என்று ஆரம்பித்து பிறகு ‘இது’ என்று மாறுவதைத்தான் சொல்வார்கள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் இருப்பதைச் சொல்வார்கள். தத்துவமாகப் பெரிய விஷயம்தான். எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது கடைசியில் இருக்கிற சின்னக் குறிப்பு. உன் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, இத்துடன் இரண்டு ரூபாய் இருக்கிறது என்கிற தகவல். ‘நான்’ என்பதே கரைந்துகொண்டிருக்கிற நேரத்தில், எடுத்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு, யாருடைய எந்த வேலை பாக்கி நிற்கிறது என்று ஒரு கணக்கு. பொய் சொல்லிவிட்டுத்தான் போகிறான். ஆனால் பொய்யைத் திருத்திவிட்டுப் போகிறான். நான் எந்தச் சீட்டும் வைக்கவில்லை.

தேட வேண்டாம், தேடுவதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் அதில் இருந்தது. வீடு கேட்குமா? தேடினார்கள். 1898 கடைசியில் அம்மா அழகம்மாள், நாகசுவாமியோடு பவழக்குன்றுக்கு வந்து நாள்கணக்கில் அழுதாள். மகன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பொறுக்கமாட்டாமல் காகிதத்தைக் கொடுக்க, நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் எழுதிக்காட்டினார். அம்மா ஊர் திரும்பினாள். 1900இல் நாகசுவாமி இறந்துபோனார். யாருடைய ஃபீஸ் மூன்று ரூபாய் குறைந்ததோ, அந்த அண்ணன். ரமணருக்கு உலகமெங்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். நாகசுவாமிக்கு அடிக்குறிப்பு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1916இல் அழகம்மாள் மகனிடமே வந்து சேர்ந்தாள். ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டியது அவள்தான். 1922 மே 19 அன்று அவள் இறந்தபோது அவளுடைய தலையிலும் நெஞ்சிலும் கைவைத்தபடி மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவளை மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். சில மாதங்களில் அவரும் இறங்கி அங்கேயே வந்துவிட்டார். இன்றைக்கு நாம் பார்க்கிற ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்தது. வீட்டை விட்டுப்போன மகனின் ஆசிரமத்துக்கு அஸ்திவாரம், விடப்பட்ட அம்மா. முதல் நாள் அந்த மாத்ருபூதேஸ்வரர் சன்னதியை நான் சரியாக அரை நிமிடத்தில் கடந்திருந்தேன்.

இதே ஊரில் அருணகிரிநாதர் கதை இருக்கிறது. அதில் அக்கா. பெற்றோர் இல்லாத தம்பியை வளர்க்கிறாள். அவன் அவளுடைய சொத்தையெல்லாம் அழித்து, நோய் பிடித்து, இன்னும் பணம் கொடு என்று நிற்கும்போது சுள்ளென்று ஒரு வார்த்தை சொல்கிறாள். அவன் வல்லாள கோபுரத்தில் ஏறிக் குதிக்கிறான், முருகன் தாங்கிப்பிடிக்கிறான், தமிழுக்குத் திருப்புகழ் கிடைக்கிறது. சின்ன வயதில் பாட்டி இதைச் சொல்லும்போது குதிக்கிற இடம்தான் எனக்குப் பிடிக்கும். கோயிலில் அந்த கோபுரத்தின் கீழே நின்றபோது முதன்முறையாகத் தோன்றியது: சரி, அன்றைக்கு ராத்திரி அக்கா என்ன செய்தாள்? நான் கேட்ட எந்த வடிவத்திலும் கதை அவள் பக்கம் திரும்பி வருவதில்லை. அவளுடைய வேலை முடிந்துவிட்டது.

இப்படியே போனால் தனிமை என்பதே திருட்டு என்ற முடிவுக்கு வந்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சொல்லப்போனால் அந்த வாதத்தை எனக்குப் பார்த்தாலே பயம். “நீ போய்ட்டா வீட்டை யார் பாக்குறது?” என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் நம் பாட்டிகளை, அம்மாக்களை வாசலுக்குள்ளேயே வைத்திருந்தோம். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதிய ‘ஒருவருக்கென்று ஓர் அறை’ புத்தகத்தை எல்லோரும் சொல்வோம்: எழுத ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக ஓர் அறையும் வருடத்துக்கு 500 பவுண்டும் வேண்டும். அந்த 500 பவுண்ட் எங்கிருந்து வந்தது என்று பலருக்கு ஞாபகம் இருக்காது. புத்தகத்தில் கதைசொல்லியின் அத்தை ஒருத்தி பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து செத்து, விட்டுப்போன பணம். வுல்ஃப் அதை மறைக்கவில்லை, பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அவரை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் தப்பு தனியாகப் போனது இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மூன்று நாள் அந்தச் சந்தோஷத்தை நானே சம்பாதித்ததுபோல அனுபவித்தேனே, அது. மலைமேல் நின்றுகொண்டு எதிலும் இணைக்கப்படவில்லை என்று நினைத்தேனே, அது. அந்த நிமிடத்தில் காஞ்சிபுரத்தில் ஒருத்தி என் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஞானிகளோடு என்னை ஒப்பிடுவது அபத்தம் என்று ஒரு நண்பன் சொன்னான். அவர்கள் போனது திரும்பி வராத போக்கு, நீ போனது கேன்சலேஷன் வசதியுள்ள லாட்ஜுக்கு என்றான். உண்மைதான். அதனால்தான் என் கணக்கு இன்னும் சின்னது, இன்னும் சுலபமாகக் கட்டிவிடக்கூடியது. ஒரு வாரத்துக்கு ஒரு வாரம்.

பாதியில் கிளம்பி வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆறாம் நாள் ராத்திரி கிரிவலம் போனேன். 14 கிலோமீட்டர். பௌர்ணமி இல்லாததால் சாலையில் கூட்டமில்லை. அக்னி லிங்கம், எம லிங்கம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, அடிஅண்ணாமலை பக்கம் வரும்போது கால் விட்டுப்போனது. அங்கே ஒரு டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அக்காவுக்கு மெசேஜ் அடித்தேன். மன்னிப்பு மாதிரி நான்கு வரி எழுதி, அழித்துவிட்டு, “அடுத்த மாசம் நீ ஒரு வாரம் எங்கயாவது போ. அப்பாவை நான் பாத்துக்கறேன்” என்று மட்டும் அனுப்பினேன்.

காலையில் பதில் வந்திருந்தது. “எனக்கு ஒரு வாரம்லாம் எதுக்குடா. ஒரு நாள் மத்தியானம் யாரும் கூப்பிடாம தூங்கணும். அது போதும்.”

மாமாவுக்கு ஷிஃப்ட் வேலை, பொண்ணு பத்தாம் வகுப்பு. அது இது என்று நான்கு மாதம் தள்ளிப்போனது. கடைசியில் நான் லீவு போட்டுப் போய் உட்கார்ந்துகொண்டு, என் ஃபிளாட் சாவியை அவள் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். மூன்று நாள். கிளம்புவதற்கு முன் தேதி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். மொத்தம் 23 குறிப்பு. எந்த மாத்திரை எப்போது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். மற்றவை தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருதடவை தானாக முழித்துப் பார்க்கணும், கூப்பிடமாட்டார். நியூஸ் சேனல் வைக்காதே, கோபப்பட்டு பிரஷர் ஏறும். அம்மாவைக் கேட்டால் இல்லை என்று சொல்லாதே, பேச்சை மாற்று.

அப்பா அம்மாவைத் தேடுகிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் நாள் ராத்திரி மாத்திரை கொடுக்கும்போது கேட்டார். “அவ எங்கடா?”

“சென்னைலப்பா. என் வீட்டுல.”

“எதுக்கு?”

“சும்மாதாம்பா.”

“சும்மாவா?” என்றார். கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். “யார் கூட?”

“தனியா.”

ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, முழுங்கிவிட்டேன் என்று தலையை ஆட்டினார். பிரிட்ஜில் 14ஆவது குறிப்பு: முழுங்கிட்டேன்னு சொல்லுவார், நம்பாதே, வாயைத் திறக்கச் சொல்லிப் பாரு. திறக்கச் சொன்னேன். வலது கன்னத்துக்குள் அப்படியே இருந்தது.