வாடகைக் காரின் விலை

ஒரு நாடு தன் எல்லைக்கு வெளியே படையை நிறுத்திவைக்க எவ்வளவு செலவாகும் என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகப் பணியாற்றும் தணிக்கை அலுவலகம் 2016 முதல் 2019 வரை கணக்குப் பார்த்தது. அந்த நான்கு ஆண்டுகளில் ஜப்பானில் தன் படைகளை வைத்திருக்க அமெரிக்கா 2,090 கோடி டாலர் செலவிட்டது. ஜப்பான் 1,260 கோடி டாலர் கொடுத்தது. இது ஒரு நாட்டுக் கணக்குதான். சுமார் 80 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 750 தளங்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். யார் எவ்வளவு தருவது என்று அரசுகள் பேரம் பேசுகின்றன. அந்தப் பேரத்தில் பேசப்படாத ஒரு செலவைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடுதான் ஒகினாவா. ஆனால் அந்நாட்டில் அமெரிக்கப் படை மட்டுமே பயன்படுத்தும் இடங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கேதான் இருக்கிறது. 1945 போரில் அதைக் கைப்பற்றிய அமெரிக்கா 1972 வரை ஆண்டது. ஆட்சி கைமாறியது, தளங்கள் நின்றுவிட்டன. 1995 செப்டம்பர் 4 அன்று மூன்று அமெரிக்கப் படையினர் வாடகைக்கு ஒரு கார் எடுத்து, கடைக்குப் போய்த் திரும்பிய 12 வயதுச் சிறுமியைக் கடத்திப் பாலியல் வன்முறை செய்தார்கள். அதே நாளில்தான் பெய்ஜிங்கில் உலகப் பெண்கள் மாநாடு தொடங்கியது. ஒகினாவாவிலிருந்து 71 பெண்கள் அங்கே போயிருந்தார்கள். படைத்தளங்களைச் சுற்றிப் பெண்கள் மீது நடக்கும் வன்முறையைப் பற்றி அங்கே பேசினார்கள். ஊர் திரும்பும்போதுதான் இந்தச் செய்தி அவர்களுக்குத் தெரிந்தது.

அந்த நவம்பரில், பசிபிக் பகுதி அமெரிக்கப் படைகளின் தலைவர் அட்மிரல் ரிச்சர்ட் மேக்கி செய்தியாளர்களிடம் பேசினார். நடந்தது முட்டாள்தனம், அந்தக் காருக்குக் கொடுத்த வாடகையில் ஒரு பெண்ணையே வாங்கியிருக்கலாமே என்றார். அவர் பதவி போயிற்று. வாய்தவறிப் பேசிவிட்டார் என்பதுபோல விஷயம் முடிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய அமைப்பு காலங்காலமாக நம்பி நடப்பதைத்தான் அவர் சொன்னார். வீடு வாசலை விட்டு வந்த ஆண்களுக்குப் பெண்ணுடல் தேவை, அதற்கென ஒரு கூட்டம் பெண்களை ஒதுக்கிவைத்தால் மற்ற பெண்கள் தப்பிப்பார்கள் என்ற நம்பிக்கை அது. நமக்கு இது புதிதா? "அவளுங்க இருக்கறதாலதான் குடும்பப் பொண்ணுங்க தெருவுல நடக்க முடியுது" என்று நம் ஊரில் பேசுபவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

தென்கொரியாவில் இந்தக் கணக்கை அரசே எழுதிவைத்தது. அமெரிக்கத் தளங்களை ஒட்டிய குடியிருப்புகளில் பாலியல் தொழில் செய்த பெண்களை அதிகாரிகள் கூட்டிவைத்து, டாலர் ஈட்டித்தரும் தேசபக்தைகள் என்று புகழ்ந்தார்கள். அதே பெண்களுக்குப் பால்வினை நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பிடித்துக்கொண்டுபோய் அடைத்துவைத்துப் பென்சிலின் ஊசி போட்டார்கள். படைவீரனின் உடல்நலத்துக்காக அவளைப் பூட்டினார்கள். அவனை யாரும் பூட்டவில்லை. 2014இல் 122 பெண்கள் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அரசு செய்தது சட்டவிரோதம், இழப்பீடு தர வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களில் பலர் கிழவிகளாகிவிட்டார்கள்.

ஒகினாவாவில் சிறுமிக்காக நடந்த கண்டனக் கூட்டத்தில் 85,000 பேர் திரண்டதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வியட்நாம் போர்க் காலத்தில் அதே தீவில் மதுக்கூடங்களில் வேலை செய்த பெண்கள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டபோது இப்படிக் கூட்டம் கூடவில்லை. அழுவதற்குக்கூடக் களங்கமில்லாத ஒருத்தி தேவைப்படுகிறாளா? தகாஸாட்டோ சுஸுயோவும் தோழிகளும் இதை உணர்ந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். தகாஸாட்டோ பெண்களுக்கான ஆலோசகராக வேலை செய்தவர், நஹா நகர மன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1945 தொடங்கிப் படையினர் பெண்களுக்கு இழைத்த குற்றங்களை நாளிதழ்களிலும் நூல்களிலும் வாய்மொழியிலும் தேடி அவர்கள் ஒரு பட்டியல் தொகுத்தார்கள். அதில் சிறுமியும் உண்டு, மதுக்கூடத்துப் பெண்ணும் உண்டு. யார் நல்லவள் என்ற பிரிவு இல்லை. தேதி, இடம், நடந்தது, தண்டனை கிடைத்ததா இல்லையா, அவ்வளவுதான். தணிக்கை அலுவலகம் போடாத கணக்கு அது.

பக்கத்தில் வடகொரியாவும் சீனாவும் இருக்க, தளம் இல்லாமல் முடியுமா என்று கேட்பார்கள். அந்த அச்சம் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதுகாப்பு எல்லோருக்கும் வேண்டுமென்றால் அதன் விலையை மட்டும் ஏன் ஒரு தீவு தர வேண்டும், அந்தத் தீவிலும் ஏன் பெண்கள் தர வேண்டும் என்பது என் கேள்வி. 2019 பொது வாக்கெடுப்பில், ஹெனோகோவில் புதிய தளத்துக்காகக் கடலைத் தூர்ப்பதை வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் எதிர்த்தார்கள். வேலை நிற்கவில்லை.

இது அமெரிக்காவின் பாவம் என்று நாம் நகர்ந்துவிடவும் முடியாது. 1987 முதல் 1990 வரை இந்தியாவும் கடல்தாண்டிப் படை அனுப்பியது, அமைதி காக்க என்ற பெயரில். இலங்கையில் இறந்த சுமார் 1,200 இந்திய வீரர்களுக்குக் கொழும்புக்கு அருகே நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்தப் படையினரின் பாலியல் வன்முறைக்கு ஆளான யாழ்ப்பாணப் பெண்களின் வாக்குமூலங்களோ 'முறிந்த பனை'யில் இருக்கின்றன. அவற்றைத் தேடிப்போய்க் கேட்டவர்களில் முதன்மையானவர் ராஜினி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் ஆசிரியை. எல்லாத் துப்பாக்கிகளையும் கேள்வி கேட்டவர். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது இந்தியப் படையல்ல, விடுதலைப் புலிகள் என்பது அவருடன் பணியாற்றியவர்களின் முடிவு. எண்ணுகிறவளை எந்தப் பக்கத்துக்கும் பிடிப்பதில்லை.

ஒகினாவாப் பெண்களின் பட்டியல் இன்னும் நீள்கிறது. 2023 டிசம்பரில் அங்கே 16 வயது நிரம்பாத ஒரு சிறுமியை அமெரிக்க விமானப்படைக்காரர் ஒருவர் கடத்திப் பாலியல் வன்முறை செய்தார். மார்ச் 2024இல் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. டோக்கியோ அரசுக்குத் தெரியும். ஒகினாவா மாகாண அரசுக்கு யாரும் சொல்லவில்லை. ஜூன் மாதம் செய்தி வெளியான பிறகுதான் அதற்கே தெரிந்தது.